பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பழைய பைக்

மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, வண்டியின் அடிவயிற்றில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார் கண்ணாடி அக்கா. ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்கிறாராம். பிறகு முன் பிரேக், பின் பிரேக், செயின், டயர். ஒவ்வொன்றையும் அமுக்குவார், ஆட்டுவார், சில சமயம் முகர்ந்துகூடப் பார்ப்பார். மாடியில் பல் துலக்கியபடி இந்தக் கூத்தைத் தினமும் பார்க்கிறவன் நான்.

"அதுக்கு வாய் இல்லண்ணே, நாமதான் கேக்கணும்" என்பார், நிமிராமலே.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எள்ளளவு திருகாணியை மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குகிற கை. பைக் வந்ததும் அந்தக் கடை வழியாகத்தான். பார்வை மங்கி, இனி ஓட்டவே கூடாது என்றாகிவிட்ட வாடிக்கையாளர் ஒருவர், "நீயே வச்சுக்கோம்மா" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். வண்டி அக்காவின் மகளைவிட மூத்தது. மகளோ காலேஜ் படிக்கிறாள். நாற்பதைத் தாண்டியபின் கிளட்ச் எது, கியர் எது என்று கற்றுக்கொண்டு, அதே கையோடு ஸ்பேனரையும் எடுத்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆரம்பத்தில் அடித்த கூத்து கொஞ்சமா? கார்புரேட்டரைப் பிரித்துப் பழைய போர்வையில் பரப்புவார். பூட்டி முடித்தால் ஒரு வாஷர் மிச்சம் கிடக்கும். "அதான் ஓடுதுல்ல, விடுங்க" என்பார்கள் தெருவில். "மிச்சம் இருக்குன்னா, உள்ள ஒரு இடம் காலியா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று மொத்தத்தையும் மறுபடி பிரிக்க உட்கார்ந்துவிடுவார்.

பழைய வண்டி ஆயிற்றே, நிறுத்திவைத்தால் பெட்ரோல் கசியும். அதனால் டாங்கிக்கு அடியில் இருக்கிற திருகை ராத்திரி மூடிவிடுவார். காலையில் திறக்க மறந்தால், உள்ளே மிச்சமிருக்கிற பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்றுவிடும். அதைத் திறப்பது மகளின் பொறுப்பு. குனிந்து திருகிவிட்டுப் பின்னால் ஏறி, "தொறந்தாச்சு" என்பாள். அதைக் கேட்டபிறகுதான் அம்மா கிக்கரை உதைப்பார்.

அந்த வழக்கம் ஒரு நாளில் நின்றுபோனது. பின் சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிய அக்கா, பிரேக் கம்பியின் நட்டை இறுக்க மறந்துவிட்டார். திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ரோட்டோர மணல் குவியலில் இருவரும் சரிந்தார்கள். மகளுக்கு முழங்கைத் தோல் வழன்றுவிட்டது. "இனிமே இதுல ஏற மாட்டேன்" என்றவள் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். திருகைத் திறக்கிற வேலையும் அக்காவிடமே வந்துவிட்டது.

வேறு யாராயிருந்தாலும் வண்டியைத் தலைமுழுகியிருப்பார்கள். அக்கா அடுத்த விடுமுறை நாள் முழுக்க அந்தப் பிரேக்கைக் கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். மெக்கானிக்கிடம் கொடுங்களேன் என்றேன்.

"குடுக்கலாம். ஆனா தப்பு என் கைல நடந்ததுண்ணே. என் கையே சரி பண்ணாதான் அவ என் பின்னாடி உக்காருவா."

அன்றிலிருந்து மகள் போகிற பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் வருகிறார். கடைக்கும் அதே ரோடுதான். மகளின் ஹெல்மெட் பின் கொக்கியில் தொங்கியபடி தினமும் போய்வரும். நானும் அந்த பஸ்தான். உருட்டிக்கொண்டு வருகிற பஸ்ஸை முந்த எத்தனையோ இடம் உண்டு, முந்தவே மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அவ திரும்பிப் பாக்குற அன்னைக்கு நான் இருக்கணும்ல?"

மகளோ முன் சீட்டில் நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மழையிலும் வெயிலிலும் பின்கண்ணாடியில் அந்த ஒற்றை விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

போன வாரம் பஸ் முன்னதாகவே வந்துவிட்டது. அக்கா அரக்கப்பரக்கக் கிளம்பினார். முன்னால் இடமில்லாததால் மகள் கடைசி சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனைப் பார்க்கிற சாக்கில் கண் அடிக்கடி பின்கண்ணாடிக்குப் போனது. கொஞ்ச தூரத்தில் பைக் இருமியது, தள்ளாடியது, ஓரமாக நின்றேபோனது.

"திருகத் தொறக்கல" என்று முணுமுணுத்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். என் ஆபீஸ் எங்கே ஓடிவிடப்போகிறது? நானும் இறங்கிப் பின்னாலேயே நடந்தேன். அக்கா ரோட்டோரத்தில் மண்டியிட்டு, ஸ்பேனரோடு பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் அவசரமாகப் பிளக்கைப் பூட்டிவிட்டு எழுந்து நின்றார்.

மகள் குனிந்து திருகைத் திறந்தாள். பிறகு அப்படியே பின்னால் நகர்ந்து, பிரேக் பெடலைக் கையால் அமுக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தாள். கொக்கியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அம்மா ஏறும்வரை நின்று, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"தொறந்தாச்சு."

அக்கா ஹெல்மெட்டின் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிக்கரை உதைத்தார்.