பின்பால் மெஷினுக்கு எர்த் கொடுத்த கதை

எர்த் பார்க்கிற தொழிலில் ஒரு விசேஷம், வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஆகவே யாரும் பாராட்டவும் மாட்டார்கள். கிரைண்டரைத் தொட்டுவிட்டுக் கையை உதறியிருக்கும் உங்களுக்கு இது புரியும். நான் தூத்துக்குடியில் மோட்டாரும் கிரைண்டரும் பழுது பார்ப்பவன். சில வருஷமாகப் பின்பால் மெஷினும் வருகிறது. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருளும். பக்கத்துப் பொத்தானைத் தட்டித் தட்டி அது குழிக்குள் விழாமல் காப்பாற்ற வேண்டும். எல்லாம் என்னைவிட மூத்த பெட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி, தொட்டால் ஷாக்.

கப்பல்காரன் பூட்ஸ்

துறைமுகத்துப் பக்கம் மாலுமிகள் தங்கும் விடுதி ஒன்றை இடித்தபோது, அங்கே கிடந்த பின்பாலை வாங்கி வந்து, தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டையில் தன் ஐஸ்கிரீம் கடையில் வைத்தார் தங்கராஜ் அண்ணாச்சி. காலையில் சாமி படத்துக்கு அடுத்தபடி அதற்குத்தான் சந்தனம். முதலில் ஆடியவருக்கே ஷாக் அடித்தது.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒயர் தோல் உரிந்து தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. விடுதியில் ஆடியவர்கள் பூட்ஸ் போட்ட மாலுமிகள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அண்ணாச்சி கடையில் செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். டைல்ஸ் தரையை வேறு ஓயாமல் ஈரத்துணி போட்டுத் துடைப்பார். ஆடுகிறவர்களையாவது செருப்போடு விடுங்கள் என்றேன். “கப்பல்காரன் அழுக்கா இருந்தான்னு நாமளும் அழுக்கா இருக்க முடியுமாடே?”

தோள்பட்டை வைத்தியம்

ஒயரை மாற்றி, அறுந்து கிடந்த எர்த் ஒயரையும் இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் ஷாக் முன்னைவிட அதிகம்.

கல்லாவில் இருப்பவர் அண்ணாச்சியின் மனைவி பாக்கியத்தக்கா. “இன்னும் ஒரு ஆளுக்கு அடிச்சா இது பழைய இரும்புக் கடைக்குத்தான். ஷாக் அடிக்கிற எந்தச் சாமானும் இங்கன இருக்கக் கூடாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஈரக் கையோடு ஒருத்தர் தொட்டால் ஆளே போய்விடுவார். நான் மெஷினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, வாடிக்கையாக வரும் ஆட்டோக்காரர் முருகன் குனிந்து என் காதருகில் சொன்னார்: “முழுசா நிப்பாட்டிராதீங்கண்ணே, அதத் தொட்டதுக்கப்புறந்தான் எனக்குத் தோள்பட்டை வலி கொறஞ்சிருக்கு.”

உப்புக்குப் பஞ்சமில்லை

மெஷினில் ஒரு குற்றமும் தெரியவில்லை. சந்தேகப்பட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைத் தோண்டினேன். கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிப் போவதற்கான வழி அது. இரும்புக் குழாயைச் சுற்றிக் கரியும் கொஞ்சம் உப்பும் போடுவது வழக்கம். அண்ணாச்சிக்கு உப்பளத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார். உப்பு குழாயையும் அதில் ஒயரைப் பிடித்திருந்த கிளாம்பையும் அரித்துத் தின்றுவிட, ஒயர் எதையும் தொடாமல் சொகுசாகக் கிடந்தது. கடையில் எது கசிந்தாலும் அந்தக் கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாமல், எர்த் ஒயர் வழியாக மற்றச் சாமான்களுக்குப் போகும். அந்த ஒயரில் மெஷினைக் கட்டிவிட்ட புண்ணியவான் நான்தான்.

உப்பைக் கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்றேன். “உப்பு இல்லாத ஊர்க்காரன் கொஞ்சமா போடுவான், நமக்கு என்ன தம்பி?”

பிறந்த வீட்டுச் சாமான்

புதுக் குழாய் இறக்கி, கசிவு இருந்தால் தானே லைனை அணைக்கும் டிரிப்பரையும் மாட்டினேன். போட்டதும் அணைந்தது. “இதைத் தூக்கிட்டுப் போங்க தம்பி” என்று அக்கா மெஷினைக் காட்டினார். அண்ணாச்சி தன் கையாலேயே அதன் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி போட்டேன். அப்போதும் அணைந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனதில் மாட்டியது கல்லாவுக்குப் பின்னால் இருந்த பழைய பிரிட்ஜ். அக்காவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. அவரைத் தவிர யாரும் அதைத் திறப்பதில்லை.

அக்கா போட்ட சட்டப்படி பிரிட்ஜ்தான் இரும்புக் கடைக்குப் போக வேண்டும். அண்ணாச்சி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. “ஏளா, உனக்கு ஒரு நாளும் அடிச்சதில்லையே?” என்று மட்டும் கேட்டார். அக்கா பிரிட்ஜை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மெஷின் இங்கனயே இருக்கட்டும். எனக்கு வருஷக்கணக்கா அடிக்கத்தான் செய்யுது. அதுக்குன்னே ஒரு ரப்பர் செருப்பு பின்னால வச்சிருக்கேன். எங்கம்மா குடுத்த சாமான உங்க வீட்டுல யாரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கு எர்த் பார்க்கப் போனாலும், அந்த வீட்டம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்த சாமான் எது என்று கேட்டுக்கொண்டுதான் டெஸ்டரை வெளியே எடுக்கிறேன்.