இரண்டு முனையும் தீட்டிய கம்பி

துறைமுக வீதிப் பட்டறையிலிருந்து வெளியேறி நடந்துகொண்டிருந்தேன். பஸ் நிலையத்தருகே ஒரு புள்ளிமான், யாரோ எறிந்த சாப்பாட்டுக் காகிதத்தை மென்றபடி வழியை மறித்து நின்றது. இந்த ஊரில் மானும் மாடு மாதிரித்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் நின்றேன். என் கையில் ஒரு பென்சில் பெட்டி. அதற்குள் டங்ஸ்டன் கம்பிகள். அன்று காலை என் வேலையைக் கெடுத்தவை அவைதான்.

என் பெற்றோர் இந்த ஊருக்குத் தெற்கே உள்ள வெருகல்காரர்கள். சண்டைக் காலத்தில் படகேறி இந்தியா போனார்கள். நான் தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, எட்டாம் வகுப்போடு நிறுத்தி, பட்டறை பட்டறையாக அலைந்து ஆர்கான் வெல்டிங் பழகியவன். அதை இங்கே டிக் என்கிறார்கள். நிலையான வேலை கிடைத்ததும் மனைவி செல்வியையும் மகளையும் அழைத்துக்கொள்வது என்று பேசி, பெற்றோரின் நாட்டுக்கு முன்னால் தனியாக வந்தேன். அவர்கள் இன்னும் முகாமில்தான் இருக்கிறார்கள். மகளை எந்த நாட்டுப் பள்ளியில் சேர்ப்பது என்பது என் வேலையில் தொங்குகிறது.

வெல்டிங் பிடியில் செருகும் டங்ஸ்டன் கம்பியின் ஒரு முனையில் நிறப்பட்டை இருக்கும். பச்சை அலுமினியத்துக்கு. சிவப்பு இரும்புக்கும் எவர்சில்வருக்கும். நீலம் எல்லாவற்றுக்கும் தாங்கும். வெறும் முனையை மட்டும்தான் கல்லில் தீட்ட வேண்டும். ஆனால் நான் வேலை பழகிய கோயம்புத்தூரில் நாங்கள் காலையிலேயே இரண்டு முனையையும் தீட்டிவிடுவோம். ஒன்று மழுங்கினால் திருப்பிப் போடலாம், கல்லுக்கு ஓட வேண்டாம். நிறம் தூசியாகிப் போகும். அங்கே எப்போதும் எவர்சில்வர், கம்பி எல்லாம் சிவப்பு, ஆகவே யாரும் கவலைப்படவில்லை. பிற்பாடு வாங்கிய நீலக் கம்பிகளையும் அதே பழக்கத்தில் தீட்டி, அதே பெட்டியில் போட்டேன்.

துறைமுகப் பட்டறை முதலாளி என்னைச் சோதிக்கக் கொடுத்தது ஒரு படகின் அலுமினிய எண்ணெய்த் தொட்டி. நீலம் என்று நம்பி ஒன்றைச் செருகினேன். முனை பிளந்து, உருகிய அலுமினியத்துக்குள் துணுக்குத் துணுக்காகத் தெறித்தது.

"என்ன கலர் போட்டனீங்கள்?" என்றார்.

"நீலம்னு நெனச்சேண்ணே."

"நினைச்சதோ?" பெட்டியை வாங்கித் திறந்தார். "ரெண்டு பக்கமும் கூர். இதில எது நீலம், எது சிவப்பு?"

ஒவ்வொரு கம்பியாகத் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"இந்தத் தொட்டியை நம்பி ஆக்கள் கடலுக்குப் போறவை. ஏலாது தம்பி. கோவிக்காதேங்கோ."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால், நாளைக்கு வரச் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டைச் சாத்தினார். எங்கள் பக்கம் முதலாளிகள் திட்டித்தான் அனுப்புவார்கள், அது உடனே புரியும்.

நான் தங்கியிருந்த அன்புவழிபுரம் போகும் வழியில் தேநீர் குடித்தேன். கடைக்காரர் ஊரைக் கேட்டார். வெருகல் என்றேன்.

"வெருகலோ? கதையைக் கேட்டால் படத்தில வாற ஆள் மாதிரியெல்லோ கிடக்கு!"

கடையே என் இந்தியப் பேச்சுக்குச் சிரித்தது. தமிழ்நாட்டில் எனக்கு சிலோன்காரன் என்று பெயர். வெல்டிங் வேலை தேடுகிறேன் என்றதும் அவரே கிண்ணியாவில் ஒரு நானாவின் இடத்தைச் சொன்னார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள்.

அந்தியில் செல்வி போனில் கூப்பிட்டாள். "வேல என்னாச்சு?"

"நாளைக்குத் தெரியும்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

மறுநாள் காலை பாலம் கடந்து கிண்ணியா போனேன். நானா கேட்கும் முன்பே பெட்டியைத் திறந்து காட்டினேன். "இதுல எது என்னன்னு எனக்கே தெரியாது நானா."

"அதுக்கென்ன தம்பி, இங்க டிக்கும் இல்ல கிக்கும் இல்ல. இரும்பு கேட் வேலதான். சாதா ராட் புடிப்பீங்களா?"

பிடிப்பேன் என்றேன். பதினாறு வயதில் விட்ட சாதாரணக் குச்சி வெல்டிங் அது. பெட்டியை மூடி மூலையில் வைத்தேன்.

முற்றத்தின் நடுவே ஒரு கேட் முட்டுக்கொடுத்து நின்றது. தாழ்ப்பாள் வைக்க வேண்டும். "எது உள்பக்கம் நானா?"

"வீட்டுக்காரர் இன்னும் மதிலே கட்டல்ல. ஒரு பக்கம் வைங்க, பாத்துக்கலாம்."

கேட்டை ஒருமுறை சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வெளியே நிற்பது போலத்தான் இருந்தது. சட்டைப்பையில் போன் அதிரத் தொடங்கியது, செல்வியாகத்தான் இருக்கும். ஒரு பக்கத்தில் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, முகமூடியை இறக்கினேன்.