திரும்பி வரும் நாள்

கல்முனைத் தபாற்கந்தோர் அருகே இந்திய விசாவுக்குப் படிவம் நிரப்பித் தரும் ஒருவர் இருந்தார். நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. படிவத்தின் ஒழுங்கு அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. பெயருக்கும் முன்னே, திரும்பி வரும் நாளைத்தான் எழுதுவார்.

கண் சத்திரசிகிச்சைக்காக மதுரைக்குப் புறப்பட இருந்த உம்மாவோடு அவரிடம் போனேன்.

"எப்ப திரும்பி வாறீங்க, ராத்தா?"

"பார்வை வராட்டி, எப்ப வந்தா என்ன தம்பி?"

அவர் பேனையை வைத்துவிட்டுப் பிறைக் கலண்டரைப் புரட்டினார்.

"நோன்புப் பிறைக்கு முதல் நாள் எண்டு போடுறன். பிறைய நீங்களே பாக்கணும்."

சிகிச்சை முடிந்து, அவர் எழுதிய அந்த நாளிலேயே ஊர் திரும்பினோம். மறுநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின், வயல் பக்கத்து வானில் நான் பிறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்தா தெரியிது" என்று உம்மா கைநீட்டினார்.

நூல் கட்டிய அந்தக் கண்ணாடியை நினைத்துக்கொண்டேன்.