மேல்மாடியிலிருந்து வந்த பெடியள்

கண்ணாடிக் கடை என்றால் கண் தெரியாதவர்களுக்குச் சேவை செய்யும் இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது எல்லாம் தெரிந்தவர்களோடு மல்லுக்கட்டும் இடம்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இவர், என் வீட்டுக்காரர், கடை வைத்திருந்தார். உதவிக்கு நின்றவர் கனடாவுக்குப் பறந்ததும், 'கொஞ்ச நாளைக்கு நீர் வந்து நில்லும்' என்று என்னைக் கூப்பிட்டார். கொஞ்ச நாள் என்று சொல்லித் தொடங்கிய எதுவும் அந்த யுத்த காலத்தில் கொஞ்ச நாளில் முடிந்ததில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

பிரேமுக்குள் விரல்

கொள்ளுப்பிட்டியில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஒரு கனவான். கழுத்தில் டை, வாயில் ஆங்கிலம். புதுக் கண்ணாடி எடுக்க வந்தவர், லென்ஸ் வெட்டி முடியும்வரை இருக்கமாட்டேன் என்று நின்றார். வாயை அடைக்க வேண்டுமே என்று, மூக்குக்குச் சரிவருகிறதா பாருங்கள் என வெறும் பிரேமைக் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆகா, இதல்லவோ கண்ணாடி என்றார். தூரத்தில் வந்த பஸ்ஸின் பலகையைப் பார்த்து, பாணந்துறை என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். பழைய கண்ணாடியில் எல்லாம் புகையாகத் தெரிந்ததாம்.

ஒவ்வொரு பின்னேரமும் அவர் அதே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறவர். என்ன பஸ் என்று அவருடைய தலைக்குத் தெரியும், தலை சொன்னதைக் கண் வாசித்தது. நான் கிட்டப் போய், பிரேமின் வட்டத்துக்குள் என் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக் காட்டினேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப மிஸிஸ், லென்ஸையும் போட்டால் இன்னும் வடிவாத் தெரியும், என்ன?"

பெட்டிக்குள் வயர்

கடற்கரைப் பக்க ஒழுங்கையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மகனோடும் மருமகள் வசந்தியோடும் இருந்தார். பார்வை மிக மங்கிவிட்டதால் கடைக்கு வரமுடியாது. கண் பரிசோதிக்கும் லென்ஸ் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோ, நான் பிறகு வருகிறேன் என்று இவர் என்னிடம் தந்துவிட்டார். கறுப்புத் தோல் பெட்டி. உள்ளே வெல்வெட்டில் வரிசை வரிசையாக வட்டக் கண்ணாடிகள், சிவப்பும் கறுப்புமாக விளிம்பு.

ஒழுங்கை முகப்பில் செக் பொயின்ற். நின்ற கொன்ஸ்தபிள் மூடியை ஒரு விரற்கடை திறந்தான், அவ்வளவுதான். துவக்கை நீட்டி, "மொக்கத மே?" என்று கத்தினான். தெருவில் நின்றவர்கள் சிதறினார்கள். இது என்ன என்றுதானே கேட்கிறாய், பார் என்று சிங்களத்தில் சொல்லி, பெட்டியை நிலத்தில் வைத்து முழுதாகத் திறந்தேன். ஒரு கண்ணாடியை எடுத்து என் கண்ணில் பிடித்து அவனையும் பார்த்தேன். துவக்கு இறங்கியது. பாவம், முகமெல்லாம் வியர்வை. பெட்டிக்குள் குண்டு வயர் என்று ஒரு நூலும் கிடையாது. ஆனால் அவன் தாய்மேல் ஆணையிட்டான்: "அம்மப்பா நோனா, நான் வயரைக் கண்டேன்."

தலைமைக் கந்தோரின் தந்தி

பெட்டி போய்ச் சேர்ந்தும் பயனில்லை. எந்த லென்ஸும் போஸ்ட்மாஸ்டருக்குச் சரிவரவில்லை. ஆனால், பார்வை இல்லாத அந்த மனிதர் மற்றவர்கள் காணாததைக் கண்டார். தொப்பி போட்ட மூன்று பேர் செற்றியில் வந்து உட்காருகிறார்களாம். சத்தம் இல்லை, சண்டை இல்லை. "பெடியள் வந்திட்டாங்கள்" என்று உரக்கச் சொல்லுவார். பெடியள் என்றால் வெறும் பையன்கள் என்று நினைக்க அந்த நாளில் யாருக்குத் துணிவிருந்தது? துவக்குத் தூக்கிய இயக்கத்துக்கு ஊர் வைத்த பெயரே அதுதான். பொலிஸ் வீடு வீடாக வந்து ஆள் கணக்குப் பார்க்கிற காலம். பொலிசுக்கு முன்னால் கிழவர் இப்படிச் சொன்னால் தன்னை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று மகன் நடுங்கினான். அப்பாவை அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரியில் விடுவதென்று முடிவாகி, வசந்தி உடுப்புப் பையும் கட்டிவிட்டாள். தினமும் பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதில் பிழை பிடிக்கிற மனிதரையா?

இரண்டு நாள் தவணை கேட்டு, அவரை ஓட்டோவில் ஏற்றிப் பொரளையில் எனக்குத் தெரிந்த கண் டொக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னது இது. கண் அனுப்பும் செய்தி முதலில் பின்மண்டையில் ஓரிடத்துக்குப் போகிறது, அங்கிருந்து படிப்படியாக மேலே. ஆனால் மேலேயிருந்து அந்த முதலாவது இடத்துக்கு இறங்கி வரும் பாதைகளும் ஏராளம். இதைப் பார், அதை விடு, இப்படித்தான் இருக்கும் என்று ஞாபகமும் பயமும் எதிர்பார்ப்பும் அந்தப் பாதைகளால் கட்டளை போடும். பூனைக்கும் குரங்குக்கும் நமக்கும், பால் குடித்து வளர்கிற எல்லாச் சாதிக்கும் இதே ஏற்பாடுதான். கண்ணிலிருந்து செய்தி குறைந்துவிட்டால் மூளை தானே படம் போட்டுக்கொள்ளும். பார்வை மங்கியவர்கள் பலருக்கு இது வரும், பைத்தியம் இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் படித்த கொன்வென்ற்றில் மேல்மாடியில் மதர் சுப்பீரியர், கீழே வாசலில் ஒரு சிஸ்டர். இன்றைக்குப் பிள்ளைகள் கட்டைப் பாவாடையோடு வருவார்கள் என்று மேலேயிருந்து சொல்லியனுப்பினால், வாசல் சிஸ்டரின் கண்ணுக்கு எல்லாப் பாவாடையும் கட்டைதான். முழங்காலுக்குக் கீழே தொங்கிய பாவாடையோடு வெயிலில் முழந்தாளிட்டவள் நான். போஸ்ட்மாஸ்டர் தன் பாணியில் விளங்கிக்கொண்டார். "சரி டொக்டர். கீழேயிருந்து தந்தி வராட்டில், தலைமைக் கந்தோர் தானே எழுதித் தானே வாசிக்குது."

சார்ஜனின் முழங்கால்

டொக்டரின் விளக்கத்தை மகன் காதில் போடவில்லை. பொலிஸ் வரும்போது உங்கள் டொக்டரும் வருவாரோ என்று கேட்டான். பை வாசலடியிலேயே கிடந்தது.

பொலிஸ்தான் முந்திக்கொண்டது. மறுநாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வசந்தி பின்கதவால் ஓடி வந்து, எல்லாம் முடிந்தது அக்கா என்றாள். கையைக்கூடக் கழுவாமல் போனேன். செற்றியில் ஒரு பொலிஸ் சார்ஜன். வாசலில் அந்த வயர் கண்ட கொன்ஸ்தபிள். நடந்தது இதுதான்: பொலிசில் பதிந்தவர்களைத் தவிர இந்த வீட்டில் வேறு யாரும் உண்டா என்று சார்ஜன் கேட்டிருக்கிறார். இல்லை என்று மகன் வாய் திறக்குமுன், "பெடியளையும் சொல்லு தம்பி" என்றிருக்கிறார் கிழவர். கொன்ஸ்தபிளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். கட்டிலுக்குக் கீழெல்லாம் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் இரட்டிப்பாகி, எல்லாரும் ஸ்டேசனுக்கு வரவேண்டும் என்று கட்டளை. மகன் சேர்ட்டை எடுத்து மாட்டினான்.

நான் சார்ஜனோடு கதைக்கவில்லை. கிழவருக்கு முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில் கேட்டேன், அந்தப் பையன்கள் எவ்வளவு உயரம் என்று. அவர் கையைத் தாழ்த்திக் காட்டினார். சோடாப் போத்தல் உயரம். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். தபால் கந்தோரில் பழகிய அழகான சிங்களத்தில், மிகப் பணிவாகச் சொன்னார்: "இரண்டு பேர் செற்றிக் கையில். ஒருவர் இப்போதுதான் சார்ஜன் மாத்தயாவின் முழங்காலில் ஏறி உட்கார்ந்தார்."

சார்ஜன் துள்ளி எழுந்து காற்சட்டையின் முழங்காலைத் தட்டினார். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை.

அதற்குமேல் எனக்கு வேறென்ன வேண்டும்? அவருடைய கண் மங்கிய கண், உங்களுடைய கண் நல்ல கண், ஆனாலும் தட்டிவிட்டீர்களே என்றேன். டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். பிறகு கொன்ஸ்தபிளைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தபடி, லென்ஸ் பெட்டிக்குள் வயர் கண்ட கதையைத் தானாகவே சார்ஜனுக்குச் சொன்னான். முதலில் சார்ஜனின் வயிறு குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வந்தது. அவர் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன், மகன் வாசலில் கிடந்த பையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் அப்பாவின் வேட்டிகளை அலுமாரியில் அடுக்கினான். படலையடியில் சார்ஜன் நின்று, செற்றியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நோனா, அந்தப் பையன்களில் யாராவது வளர்ந்தால் மட்டும் உடனே ஸ்டேசனுக்கு வந்து பதிந்துவிடுங்கள்."

இத்தனை காலம் கவுண்டரில் நின்று நான் கண்டுகொண்டது, கண்ணுக்கு எந்த இலக்கத்திலும் லென்ஸ் கிடைக்கும், அதற்கு மேல்மாடியில் இருப்பதற்கு என்னுடைய வாய்தான் மருந்து என்பது.