இத்ரிஸின் வலது விளக்கு

முப்பத்திரண்டு வருஷம் மலேசியாவின் கோலா கங்சார் வட்டாரத்துக்கே வெளிச்சம் கொடுத்த லைன்மேன் இத்ரிஸுக்கு, ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு உத்தியோகம்தான் மிஞ்சியது. தினமும் நாலரை மணி இருட்டில் மனைவி கல்சோமையும், அவள் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களையும் காரில் ஏற்றிப்போய்ச் சந்தையில் இறக்க வேண்டும். சம்பளம் கிடையாது. மேலதிகாரி மட்டும் உண்டு.

சனிக்கிழமை விடியலில் வலது ஹெட்லைட் எரியவில்லை. ஆற்றோரச் சாலையை ஒற்றைக் கண்ணோடு தடவிக் கடந்தார்கள்.

"நாளைக்கு மிஸ்பாவ வேன் எடுத்துட்டு வரச் சொல்லவா அபாங்? சும்மாதானே நிக்குது," என்றாள் கல்சோம். மலாயில் கணவனும் அபாங்தான், அண்ணனும் அபாங்தான்.

பக்கத்து வீட்டு மிஸ்பா ஒரு நாள் வந்தால் மறுநாளும் வருவான். அப்புறம் இத்ரிஸ் எதற்கு?

"வேணாம். பொழுது சாயறதுக்குள்ள எரியும். எரியலேன்னா கூப்பிட்டுக்கோ."

வேலையை லைன்மேன் முறைப்படியே தொடங்கினார். கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். கீழே நிற்கும் புத்திசாலி எவனும் மின்சாரத்தைத் திருப்பி விட்டுவிடக் கூடாதல்லவா? கார் பேட்டரியால் கோழிகூடச் சாகாது. ஆனால் பழக்கம் வோல்ட் கணக்குப் பார்ப்பதில்லை. வலது விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. பையில் போட்டார். பல்பைக் கழற்றினார். உள்ளே இழை அறுந்திருந்தது.

இவ்வளவுதானா என்று கடைக்குப் போனார். வழியில் இரண்டு பேரோடு அரசியல் பேசினார். வியர்வையில் நனைந்த சட்டையை வீட்டில் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்துப் புது பல்பை மாட்டினார்.

எரியவில்லை.

பல்புகளை இடம் மாற்றினார். புது பல்ப் இடப்பக்கம் பளிச்சென்று எரிந்தது. இடதிலிருந்து எடுத்தது வலப்பக்கம் செத்துக் கிடந்தது. அப்படியானால் பல்பில் குற்றமில்லை. எர்த் ஒயரின் துருவை உப்புத்தாளால் தேய்த்தார். பயனில்லை. டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தார். மின்சாரமே வரவில்லை. ஸ்விட்ச் போயிருக்குமோ? ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து ஒயர்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்.

வேலிக்கு மேல் மிஸ்பாவின் தலை முளைத்தது. "என்ன அபாங், ஊருக்கே கரண்ட் குடுத்த கை, ஒத்தை லைட்டுக்கு இந்தப் பாடு படுது? ஃபியூஸ பாத்தீங்களா?"

"காலையிலேயே பாத்தாச்சுடா. நல்லா இருக்கு."

அது உண்மைதான். உண்மையாய் இருந்ததுதான் வினை. பார்த்து முடித்த இடத்துக்கு எவன் திரும்பப் போவான்?

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கல்சோம் அழுக்குத் துணி எடுக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் வந்து, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து நீட்டியிருந்த காலைத் தட்டி உள்ளங்கையை விரித்தாள். அதில் நகத்தளவு நீலப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று.

"சட்டைப்பையில கெடந்துச்சு. மிஷின்ல போடலாமா, காருக்கு வேணுமா?"

இத்ரிஸ் ஃபியூஸை வாங்கிச் செருகினார். விளக்கு எரிந்தது. அவர் காலத்தில் அந்த வட்டாரத்துக் கம்பங்களில் ஒருவன்கூடச் செத்ததில்லை. அதற்குக் காரணமான அதே சட்டைப்பை இன்று அவரை முட்டாளாக்கியிருந்தது.

"எதுல கோளாறு?" என்று வேலியிலிருந்து மிஸ்பா கத்தினான்.

கல்சோம் முந்திக்கொண்டாள். "உள்ள ஏதோ ஒயராம்ப்பா. நமக்கெல்லாம் புரியாது."

மறுநாள் இருட்டில் இரண்டு விளக்கும் சாலையைத் துழாவின. ஆற்று வளைவு தாண்டியதும் இத்ரிஸ் கேட்டார்: "அவன்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன?"

மடியிலிருந்த பொட்டலக் கூடையை அவள் சரிசெய்துகொண்டாள்.

"நெசத்த சொன்னா வேன எடுத்துட்டு வந்து நிப்பான். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."