“வீ” என்றால் எத்தனை பேர்?

இன்று காலை, எங்கள் ஊர் செமிலிங்கில், மேரி அக்காவின் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக் கடையில் நிற்கும்போது அவர் மகனிடமிருந்து எனக்கு மெசேஜ். மெல்பர்னில் இருக்கிறான். அக்காவுக்குப் பிடிக்காத கல்யாணம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எதுவானாலும் அவனுடைய பழைய ஆங்கில டீச்சரான எனக்குத்தான் எழுதுவான்.

“டெல் அம்மா வீ ஆர் கமிங் ஃபார் கிறிஸ்மஸ்.”

வாசித்துக் காட்டினேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டார். “வீ-ன்னா எத்தன பேரு, டீச்சர்?”

“அது ப்ரோநவுன்க்கா. ‘நாங்க’. ரெண்டு பேரும் வராங்க.”

அக்கா அடுப்பைத் தணித்தார். பிறகு, “வாங்கன்னு போடுங்க.”

“கம்” என்று தட்டியதும் எனக்கு உறைத்தது. அந்த வெர்ப் ஒருவருக்கும் அதேதான், இருவருக்கும் அதேதான். மருமகளையும் கூப்பிட்டது அதில் தெரியாது. அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப நானே பேசறேன்லா. எங்க அமுக்கணும்?”

கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். “ரெண்டு பேரும் வாங்கய்யா. அந்தப் பிள்ள காரம் சாப்பிடுமா?”

உடனே அவன் குரலில் பதில் வந்தது. “சாப்பிடுவாம்மா.”

அக்கா அதை மறுபடியும் மறுபடியும் போட்டுக் கேட்டார்.

‘வாங்க’வுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். நாளைக்கு வகுப்பு இருக்கிறது.