தாளம் போட்டால் நடப்பேன்

சென்னையில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், என்னைப் போன்ற நடுக்குவாதக்காரர்களை வட்டமாக நிறுத்தி, பாட்டுப் போட்டு, கையைத் தூக்கு காலைத் தூக்கு என்று ஆட வைக்கிறார்களாம். பார்க்கின்சன் நோய்க்கு இசை, நடன சிகிச்சை என்று அதற்குப் பெயராம். மகள் பார்த்துவிட்டு வந்து அதிசயமாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தான் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அவளும் நானும் செய்துகொண்டிருந்தோம். அப்போது எங்கள் தெரு அதற்கு வைத்த பெயர் வேறு. "வயசுப் பொண்ண வச்சுக்கினு ஆடுறா பாரு" என்பார்கள்.

அதை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியில் நெல்மணி அளவுக்கு இருக்கும் என் எழுத்து நாலாவது வரியில் எள்ளாகிவிடும். இந்த வியாதியின் குணம் அது. நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்றாள் மகள். வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கட்டும்.

எனக்கு இது வந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் வலது கை. சும்மா மடியில் வைத்திருக்கும்போது விரல்கள் தானாகப் பீடி சுருட்டும். பிறகு கால். வலி கிடையாது, மரத்துப்போவதும் கிடையாது. நன்றாக நடந்துகொண்டே இருப்பேன், நிலைப்படிக்குப் பக்கத்தில் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. மந்திரித்துப் பார்த்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வேர் கொண்டுவந்து கஷாயம் வைத்துக் கொடுத்தார், கசந்ததுதான் மிச்சம். கடைசியில் புதுச்சேரிக்குப் போனோம். அங்கேதான் ஒரு டாக்டர் வியாதியின் பெயரைச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, "கீழ விழாம பாத்துக்குங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லை என் நாத்தனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எங்களோடுதான் இருந்தார். விழாமல் பார்த்துக்கொள்ளச் சுலபமான வழி எழுந்திருக்கவே விடாமல் இருப்பதுதானே. நான் முழங்காலில் கை ஊன்றினால் போதும், அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"நீ குந்து. நா பாத்துக்கறேன்."

கெட்ட மனுஷி இல்லை. ஆனால் அந்தக் 'குந்து'வைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு நான் படுக்கையில்தான் கிடப்பேன்.

ஆடி மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். என்னைக் கோவில் சுவர் ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியது. பொறுக்க முடியாமல் நானே எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தேன். கோவில் வாசலில் கோடு போட்ட மாதிரி கால் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை. கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போகிறது. அழுகை வந்தது. அப்போது பின்னால் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் முதுகில் விழுந்ததும் என் வலது பாதம் தரையை விட்டு எழுந்தது. அடுத்த அடிக்கு இடது பாதம். என் காலா இது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அடிக்கு அடி காலைத் தூக்கி வைத்து நடந்தேன். இடுப்பும் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். கைதான் எப்போதும் நடுங்குகிறதே.

ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? பம்பை அடிக்கிறது, ஒரு பொம்பளை உடம்பெல்லாம் நடுங்க ஆடி வருகிறாள். வழி விட்டார்கள். ஒருத்தி ஓடிவந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். இன்னொருத்தி கையில் வேப்பிலையைத் திணித்தாள். எங்கள் தெருக்காரர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆத்தா, கொல்லிமேட்டுல போர் போட்டா தண்ணி வருமா ஆத்தா?"

"யோவ், உங்க வூட்டு போர பத்தி எனக்கு இன்னாய்யா தெரியும்! நவுருய்யா!" என்று கத்தினேன்.

"ஆத்தா கோவமா இருக்கா" என்று சொல்லி அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கத்தக் கத்த பம்பைக்காரர்களுக்கு உற்சாகம் கூடியது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரும் கூட்டத்தில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைக் கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். "எனுக்கு சாமியும் இல்ல, பூதமும் இல்லங்க. அந்த அடி காதுல வுழுந்தா காலு வருது. நீங்க வேணா அடிச்சுப் பாருங்க." அவர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டினார். மனுஷனுக்குத் தாளம் என்பது மருந்துக்கும் கிடையாது. நான் விழப் பார்த்தேன். மகள் பக்கத்தில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். அவள் உலக்கை விழுந்த தாளத்துக்கு நான் அடுக்களை நிலைப்படியைத் தாண்டிவிட்டேன். திரும்பவும் தாண்டினேன். மகள் உலக்கையைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் பின்பக்கம் கும்மிதான். அவள் கைதட்டிப் பாட, நான் கிணற்றைச் சுற்றி வருவேன். பழகப் பழக, யாரும் தட்டாதபோதும் மனசுக்குள்ளேயே பாடிக்கொண்டு கொஞ்ச தூரம் போக முடிந்தது. ஆனால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் உள்ளே ஓடும் பாட்டு அறுந்துவிடும். வேலிக்கு மேல் தலைகள் தெரிய ஆரம்பித்தன. "இந்த வயசுல இன்னா ஆட்டம்" என்று காதுபடவே பேசினார்கள். நான் பாட்டை உரக்கப் பாடச் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று நாத்தனார் என்னை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். எனக்கு ஜுரம் என்று சொன்னார்களாம். "நடுக்கத்தப் பாத்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க. உன் பொண்ணு வாழ்க்கை முக்கியமா, உன் ரோசம் முக்கியமா?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, என் மகளை யாரோ விசாரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

எங்கள் வகையறாவில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். பெண்ணோடு அவளைப் பெற்றவள் ஒரு கூடை அரிசியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். மாப்பிள்ளை வீட்டு நிலைப்படியை முதலில் தாண்டுவது அவள்தான். அவள் தாண்டிய பிறகுதான் பெண் உள்ளே போகலாம். அந்தக் கூடையைத் தானே எடுத்துக்கொள்வதாக நாத்தனார் சொன்னார். நிலைப்படியில் நான் நின்றுவிட்டால் அபசகுனம், கல்யாணமே நின்றுவிடும் என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்தது நானு. கூடை எங்கிட்டதான் இருக்கும்" என்றேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரோடு நின்றுபோனது. எங்கள் ஜனங்களுக்கு இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பேசி வைத்திருந்த வேன் வரவில்லை. மாட்டு வண்டிகூடப் போகாது. பெண்ணையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் நடந்தே போவது என்று முடிவானது. நாத்தனார் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததே, அதை நான் மறக்கவில்லை.

"இனிமே நீ எங்க வர்றது? வூட்லயே குந்து. தெய்வமே வழிய அடச்சிருச்சு பாரு."

என் அண்ணன் மகன் அந்த மறியலில் இருந்தவன். முன்னொரு நாள் என்னிடம் சொல்லியிருக்கிறான், "கெஞ்சிக் கேட்டா யாரு அத்தை குடுக்கறாங்க? மறிச்சாத்தான் திரும்பிப் பாக்கறாங்க" என்று. அவர்கள் மறியலில் எத்தனை பேருக்கு எத்தனை கஷ்டமோ, அது வேறு பேச்சு. எனக்கு அந்த நேரத்துக்கு அவன் சொன்னது போதுமாக இருந்தது. அரிசிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தலைவாசல் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். "குந்தச் சொன்னீங்களே அண்ணி, குந்திட்டேன். என்னத் தாண்டி யாரும் போவ முடியாது" என்றேன். மகள் பட்டுப்புடவையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்?

மேளக்காரர்கள் தவிலைச் சுமந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்திருந்தார்கள். ஊருக்குள் நுழையும்போது வாசிப்பதுதான் வழக்கம். தவில்காரரிடம் போய், "வழி பூரா ஒரே நடையா தட்டிக்கினே வரணும். இல்லன்னா எனக்குக் காலு வராது" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணக் கச்சேரிய விட இது பெருசா இருக்கும் போலயே" என்று முனகிக்கொண்டே தட்ட ஆரம்பித்தார்.

நடந்தேன். கூடை இடுப்பில், மகள் பக்கத்தில். முதல் மரம் வந்ததும் எல்லோரும் என்னைப் பிடிக்க ஓடி வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், குறுகின வாசலிலும் வெறும் தரையிலும் ஒட்டிக்கொள்கிற என் கால், திறந்த வெளியில் குறுக்கே ஒன்று கிடந்தால் தானாக உயர்கிறது. அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு போய், மெலிந்த கிளைப் பக்கமாகத் தாண்டி அந்தப் பக்கம் நின்றேன். நாத்தனாரைத்தான் ரெண்டு ஆள் கைகொடுத்து ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகளும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். "எங்க அத்தை நடக்குறாங்கடா, வழி வுடுங்கடா!" என்று எழுந்து நின்று கத்தினான்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு ஆலம் சுற்றக் காத்துக்கொண்டிருந்தார்கள். தட்டு எடுத்ததும் தவில் நின்றது. ஆலம் சுற்றும்போது மேளம் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. நடந்த சந்தோஷத்தில் மறந்திருந்தேன். தவில்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டுப் போய்விட்டார். ஆலம் சுற்றி முடித்து, "வாங்க சம்பந்தி, உள்ள வாங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கால் வரவில்லை. முன்னால் நிலைப்படி. ஊரே பார்க்கிறது. பாட்டை மனசுக்குள் தேடினேன், ஒரு வரிகூட வரவில்லை. கூடை நடுங்கி அரிசி சலசலத்தது. "அம்மன் வந்திருக்கா போல" என்று யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். நாத்தனார் கூடையைப் பிடித்து இழுத்தார். சாமி என்றே விட்டுவிட்டால் மரியாதையாகப் போய்விடும். அந்த எண்ணம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் மறுபடியும் ஒரு கதவுக்குப் பின்னால் போய் உட்கார என்னால் முடியாது.

"சாமி இல்லங்க. எனக்கு நடுக்குவாதம். அன்னிக்கி ஜுரம்னு சொன்னது பொய்யி. தாளம் போட்டா நடப்பேன். யாராவது கை தட்டுங்க" என்றேன்.

யாரும் தட்டவில்லை. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு தட்டு கேட்டது. தலை நிமிரக் கூடாத கல்யாணப் பெண், மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மாமியாரை நேராகப் பார்த்துக்கொண்டு கும்மி தட்டினாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, தட்டு தப்பவில்லை. நான் வலது காலைத் தூக்கினேன். கூடையிலிருந்து அரிசி வழிநெடுகச் சிந்தியது. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, "வாம்மா" என்று அவளைக் கூப்பிட்டேன்.

மகள் உள்ளே வர, அவள் பின்னாலேயே வந்த நாத்தனார் என் காதுக்குள் சீறினார்.

"மானம் போச்சுடி."

"போவட்டும் அண்ணி. நா வந்துட்டேன்."